சூரியன் மேல் பழி

பூமியில் உஷ்ணம் ஏறிக்கொண்டு வருகிறதென்பதை இப்பொழுது மறுப்பவர் அநேகமாக இல்லை. மறுப்பதற்குப் பதிலாக வேறொரு வாதம் கிளம்பியிருக்கிறது. பூமிக்கு உஷ்ணம் தருபவன் சூரியன். ஆகவே பூமியில் உஷ்ணம் கூடினால் அது சூரியன் கூடக் கொடுத்ததாகவே இருக்கவேண்டும். நிலக்கரி எரித்தவனையும் எண்ணெய் எரித்தவனையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வாறு நியாயமாகும் என்பது அந்த வாதம். கைப்பேசியில் வந்து சேரும் செய்திகளிலும், அந்நிய நாட்டு அரசியல்வாதிகள் சிலரின் பேச்சிலும் இது அடிபடுகிறது. நம்மவர்களிலும் படித்தவர்கள் சிலர் இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே இருப்பதால் இதை எடுத்து விசாரிக்க வேண்டியது அவசியமாகிறது. அதிலும் தமிழ் நாட்டாருக்கு இந்த விசாரணையில் தனி உரிமை உண்டு. சூரியன் மேல் இவ்விதம் பழி சுமத்தப்படுவது நம் நாட்டுச் சரித்திரத்தில் இது முதல் தடவையன்று.

1876-ம் வருஷத்தில் சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. அது தாது வருஷம். அதனால் அப்பொழுது தொடங்கிய பஞ்சத்தை நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சமென்றே சொல்லி வந்தார்கள். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த கொள்ளை நோய்களிலும் மாண்டவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்களென்று கணக்கிட்டிருக்கிறார்கள். வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சர்க்கார் தானிய வியாபாரத்தில் கை வைக்க மறுத்தது. நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையுமே போதுமென்று ஸர் ரிச்சர்ட் டெம்பிள் திட்டம் செய்தார். ஜனங்கள் பாதையோரங்களில் விழுந்து கிடந்த அதே வருஷங்களில் இத்தேசத்துத் தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று.

இந்த நிலைமையில்தான், 1877-ம் வருஷத்தில், இந்திய சர்க்காரின் புள்ளிவிவர இலாகாத் தலைவராயிருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். சூரிய பிம்பத்தில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒரு முறை பெருகி மறுபடியும் குறைகின்றன. புள்ளிகள் குறைந்திருக்கும் வருஷங்களில் சென்னையில் மழையும் குறைகிறது, பஞ்சம் அதன் பின்னாலேயே வருகிறது என்பது அவருடைய சித்தாந்தம். வானசாஸ்திரத்தில் பெயர்பெற்ற நார்மன் லாக்யரும் அவருடன் சேர்ந்து கொண்டு, சூரியப் புள்ளிகளையும் பஞ்சங்களையும் பற்றி லண்டன் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். 1878-ம் வருஷம் புள்ளிகள் மிகவும் குறைந்திருந்த வருஷமாகவே அமைந்துவிட்டபடியால் பார்ப்பவர் கண்ணுக்குக் கணக்கும் பொருந்தியது. ஹண்டர் வேண்டுமென்றே பொய் சொன்னாரென்று நாம் சொல்ல வரவில்லை. கிடைத்த கணக்கைக் கொண்டு அவர் ஓர் ஊகம் செய்தார். ஊகம் செய்வது சாஸ்திரத்தில் குற்றமாகாது. ஆனால் அந்த ஊகம் அதிகாரிகளுக்கு எவ்வளவு சௌகரியமாய் வாய்த்தது! பஞ்சத்துக்குக் காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறதென்று ஏற்பட்டுவிட்டால், சென்னையிலும் கல்கத்தாவிலும் நாற்காலியில் அமர்ந்திருப்பவரை யார் கேள்வி கேட்க முடியும்?

வழக்கு நெடுநாள் நடந்தது. 1904-ம் வருஷத்தில் இந்திய வானிலை இலாகாவின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். அவர் தேசம் தேசமாக மழைக் கணக்கையும் காற்றழுத்தக் கணக்கையும் வரவழைத்து, சூரியப் புள்ளிகளின் கணக்கோடு வைத்து ஒப்பிட்டார். புள்ளிகளை நம்பி மழையை முன்கூட்டிச் சொல்வதற்கு இடமில்லையென்று அவருக்கு விளங்கிற்று. அந்தத் தேடுதலிலேயே வேறொரு பெரிய உண்மை அவர் கையில் சிக்கியது. பசிபிக் சமுத்திரத்தின் மேல் காற்றழுத்தம் ஏறும்போது இந்து மகா சமுத்திரத்தின் மேல் இறங்குவதும், அங்கே இறங்கும்போது இங்கே ஏறுவதுமாக, தராசுத் தட்டுகளைப் போல இரண்டும் ஆடிக்கொண்டிருக்கின்றன என்பதே அது. தென் அலைவென்று அதற்குப் பெயர். அத்துடன் சேர்ந்தே, எல் நினோ என்று இப்பொழுது யாவரும் சொல்லும் கடல் வெப்பம் தோன்றுகிறது. 1877-ல் பசிபிக் சமுத்திரத்தின் கீழ்ப் பாகம் அசாதாரணமாக வெப்பமுற்றிருந்தது என்று பிற்கால ஆராய்ச்சி தெளிவுபடுத்தியிருக்கிறது. மழை பொய்த்ததன் காரணத்தைச் சமுத்திரத்தில் தேடியிருக்கவேண்டும். மழை பொய்த்த பிறகு ஜனங்கள் லட்சக்கணக்கில் மடிந்ததன் காரணத்தைச் சர்க்கார் கச்சேரியில் தேடியிருக்கவேண்டும். இரண்டு இடத்திலும் தேடாமல் ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

தவறான கேள்வியிலிருந்தும் சில சமயம் நல்ல காரியம் பிறப்பதுண்டு. சூரியனுக்கும் பருவமழைக்கும் உள்ள சம்பந்தத்தை அறியவேண்டுமென்ற ஆவல், தென்னிந்திய மலையொன்றில் சூரியனை இடைவிடாமல் கவனிக்க ஒரு நிலையம் வேண்டுமென்ற யோசனைக்குப் பலம் கொடுத்தது. அதன் பயனாக 1899-ல் பழனி மலைத் தொடரில், சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், கோடைக்கானல் நிலையம் ஏற்பட்டது. 1901 முதல் அங்கே பார்வை தொடங்கியது. 1909-ல் ஜான் எவர்ஷெட் என்பவர், கரும்புள்ளிகளின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வாயு பாய்ந்து செல்வதை அங்கிருந்தே கண்டுபிடித்தார். உலகத்துச் சாஸ்திர நூல்களில் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. 1904 முதல் அங்கே எடுக்கப்பட்டுவந்த சூரியப் படங்கள் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொடர்ச்சியுடையவை. இவ்வளவு நீண்ட, ஒரே இடத்து ஏடு உலகில் வெகு சில நிலையங்களிலேயே உண்டு. கோடைக்கானலில் ஏரியில் படகேறிவிட்டுத் திரும்பும் யாத்திரிகர்களில் எத்தனை பேர் அந்த நிலையத்தை எட்டிப் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். சூரியன் பூமிக்கு எவ்வளவு கொடுக்கிறான்? வாயு மண்டலத்துக்கு வெளியே, சூரியனுக்கு நேர் முகமாக ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால் அதன்மேல் விழும் சக்தி சுமார் 1,361 வாட். பூமி உருண்டையானபடியாலும் பாதி எப்பொழுதும் இருளிலிருப்பதாலும், மேற்பரப்பு முழுவதற்கும் பங்கிட்டால் சதுர மீட்டருக்கு 340 வாட் ஆகிறது. அதில் நூற்றுக்கு முப்பது பாகம் மேகங்களாலும் பனியாலும் மணலாலும் திருப்பி எறியப்படுகிறது. மிஞ்சிய 240 வாட்டைக் கொண்டு மட்டும் பூமி தன்னைக் காத்துக்கொள்ள வேண்டுமென்றால், அதன் சராசரி உஷ்ணம் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியாக இருக்கவேண்டும். கடலெல்லாம் பனிக்கட்டியாய்க் கிடக்கவேண்டும். உண்மையிலோ சராசரி உஷ்ணம் உறைநிலைக்கு மேலே 15 டிகிரி. இடையிலுள்ள 33 டிகிரியை நமக்குக் கொடுத்தது எது? நீராவி, கரியமிலவாயு முதலியவை சேர்ந்த வாயு மண்டலம். பூமியிலிருந்து வெளியேற முயலும் உஷ்ணத்தை அது கம்பளி போலத் தடுத்துப் பிடித்துக் கொள்கிறது. ஆகவே சூரியன் கொடுப்பது பாதிக் கதை. கொடுத்ததைக் கிரகம் எவ்வாறு வைத்துக்கொள்கிறது என்பது மற்றப் பாதி. ‘சூரியனே காரணம்’ என்பவர்கள் இந்த மற்றப் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுகிறார்கள்.

இதற்குச் சாட்சி வேண்டுமானால் ஆகாயத்திலேயே இருக்கிறது. சூரியனுக்கு மிகவும் அருகிலுள்ளது புதன். சதுர மீட்டருக்கு ஒன்பதாயிரம் வாட்டுக்கு மேல் அதன்மேல் விழுகிறது. ஆயினும் அதற்கு வாயு மண்டலம் என்று சொல்லத்தக்கது இல்லை. அதனால் பகலில் 430 டிகிரி வரை காய்கிறது. இரவில் உறைநிலைக்குக் கீழே 180 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கம்பளி இல்லாத பிச்சைக்காரன் பகலில் வெயிலில் வெந்து இரவில் குளிரில் விறைப்பது போல என்று வைத்துக் கொள்ளலாம். அதற்கு அடுத்தது சுக்கிரன். சூரியனிலிருந்து புதனைப்போல் ஏறக்குறைய இரண்டு பங்கு தூரத்திலிருப்பது. நாம் விடியற்காலையில் வெள்ளியென்று கண்டு மகிழும் அந்தப் பிரகாசம் அதைச் சூழ்ந்துள்ள மேகங்களால் ஏற்படுகிறது. தன்மேல் விழும் ஒளியில் முக்கால் பங்கை அம்மேகங்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் பார்த்தால், நம் பூமியைக் காட்டிலும் சூரியனுக்கு அருகிலிருந்தும் பூமியைக் காட்டிலும் குறைவான சக்தியையே சுக்கிரன் உட்கொள்கிறது. இருந்தும் அதன் தரையில் இரவும் பகலும் 460 டிகிரிக்குக் குறையாத உஷ்ணம். ஈயம் உருகி ஓடும். புதனைவிடச் சூடானது அது. காரணம் யாதெனில், அதன் வாயு மண்டலம் நம்முடையதைப்போல் தொண்ணூறு மடங்கு கனமானது; அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பாகம் கரியமிலவாயு. சூரியன் ஒருவனையே காரணமாகச் சொல்பவர்கள் சுக்கிரனைப் பற்றி என்ன சொல்வார்களென்று அறிய விரும்புகிறோம்.

செவ்வாயின் கதை இதற்கு நேர்மாறானது. ஒரு காலத்தில் அங்கே நதிகள் ஓடியதற்கு வறண்ட படுகைகள் அடையாளமாயிருக்கின்றன. நதி ஓடவேண்டுமானால் கனமான வாயு மண்டலம் இருந்திருக்கவேண்டும். இப்பொழுது அங்குள்ள காற்றின் அழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. போனது எங்கே? சூரியனிடமிருந்து ஒளி மாத்திரம் வருவதில்லை. மின்னேற்றம் பெற்ற அணுத் துகள்களும் வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. சூரியக் காற்றென்று இதற்குப் பெயர். பூமிக்குத் தன் உள்ளிருந்து எழும் காந்த மண்டலம் கவசமாக இருக்கிறது. செவ்வாயிலும் ஆதியில் அது இருந்தது. சுமார் 400 கோடி வருஷத்துக்கு முன் அணைந்துபோயிற்று. அதன் பிறகு இளமை வேகத்திலிருந்த சூரியனின் ஊதாக்கடந்த கிரணங்களும் சூரியக் காற்றும் அதன் வாயுவை உரித்தெடுத்துவிட்டன. 2014 செப்டம்பரில் செவ்வாயைச் சேர்ந்த அமெரிக்கரின் மேவன் என்னும் கலம், இன்னும் வினாடிக்குச் சுமார் நூறு கிராம் வீதம் வாயு வெளியேறிக் கொண்டிருப்பதையும், சூரியனில் கொந்தளிப்பு ஏற்படும்போது அது பன்மடங்காவதையும் அளந்து தெரிவித்தது. அக்கலம் சேர்ந்த இரண்டு நாளைக்கெல்லாம் நமது மங்கள்யானும் போய்ச் சேர்ந்தது நமக்குப் பெருமை தரும் விஷயம். ஒன்று மட்டும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். சுக்கிரனுக்கும் காந்தக் கவசம் கிடையாது. ஆயினும் அதன் வாயு மண்டலம் இருந்தபடியே இருக்கிறது. ஆகவே கவசம் ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. கிரகத்தின் பருமனும், அதன் ஈர்ப்பும், எரிமலைகள் புதிதாகக் கக்கும் வாயுவும் சேர்ந்தே கணக்கு முடிகிறது. செவ்வாய் சிறிய கிரகம். அதனால் இழந்ததை ஈடுசெய்ய முடியவில்லை.

சூரியன் மாறுவதேயில்லை என்று நாம் வாதாடுவதாக யாரும் எண்ணவேண்டாம். பூமி பிறந்த காலத்தில் சூரியன் இன்றிருப்பதில் நூற்றுக்கு எழுபது பாகம் பிரகாசமே உடையவனாயிருந்தான். நூறு கோடி வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் வளர்ந்து வந்திருக்கிறான். பூமியின் பாதை கொஞ்சம் நீள்வட்டமாவதும் மீண்டும் வட்டத்தை அடுப்பதும், அதன் அச்சு சாய்வதும் பம்பரம் போலச் சுற்றுவதும் சேர்ந்து, இருபதாயிரம், நாற்பதாயிரம், லட்சம் வருஷ அளவில் வெயில் எங்கே எந்தப் பருவத்தில் எவ்வளவு விழவேண்டும் என்பதை மாற்றுகின்றன. செர்பியரான மிலுடின் மிலன்கோவிச் இக்கணக்கைப் போட்டார். 1914-ல் யுத்தம் மூண்டபோது அவர் ஆஸ்திரிய ஹங்கேரிய சர்க்காரால் பிடிக்கப்பட்டு, பிறகு புடாபெஸ்ட் நகரை விட்டு வெளியேறாத நிபந்தனையின் பேரில் அங்குள்ள புத்தகசாலையில் அமர்ந்து இவ்வேலையைத் தொடர்ந்தார். சிறைவாசத்தைப் பயனுள்ளதாக்கிய தேசபக்தர்களை அறிந்த நம் வாசகர்களுக்கு இது சுவையாயிருக்கும். கடலடிச் சேற்றின் அடுக்குகளைச் சோதித்து, பனியுகங்கள் வந்துபோனது இக்கணக்கையொட்டியே என்பதை 1976-ல் உறுதி செய்தார்கள். ஆனால் இவையெல்லாம் ஆயிரக்கணக்கான வருஷங்களில் நடக்கும் காரியங்கள். ஒரு மனிதனின் ஆயுளுக்குள் உஷ்ணம் ஏறியதற்கு இவற்றைச் சாட்சிக்கு அழைப்பது பொருந்தாது. மேலும் அந்தக் கணக்கின்படி இது பூமி மிக மெதுவாகக் குளிர்ந்துகொண்டிருக்க வேண்டிய காலம்.

எஞ்சியிருப்பது 11 வருஷச் சுழற்சி. ஹண்டர் பிடித்துக்கொண்ட அதே சுழற்சி. 1978 முதல் வாயு மண்டலத்துக்கு வெளியே செயற்கைக் கோள்களில் கருவிகளை வைத்து அளந்து வருகிறார்கள். உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதாவது பூமி உட்கொள்ளும் சக்தியில் சதுர மீட்டருக்குக் கால் வாட். அதுவும் ஐந்தாறு வருஷத்தில் திரும்பிப் போய்விடுவது. மனிதன் சேர்த்துவிட்ட வாயுக்களும் பிற மாறுதல்களும் 1750 முதல் 2019 வரையில் கூட்டியிருப்பது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.7 வாட் என்றும், அதே காலத்தில் சூரியனால் நேர்ந்த மாறுதல் அநேகமாகப் பூஜ்யமென்றும் சர்வதேசச் சீதோஷ்ணக் குழுவினர் 2021-ல் முடிவு கூறியிருக்கிறார்கள். 2008 முதல் 2019 வரை நடந்த சூரியச் சுழற்சி நூறு வருஷத்தில் மிகவும் பலவீனமானது. உஷ்ணம் ஏறுவதற்குச் சூரியனே காரணமானால் அந்த வருஷங்களில் பூமி குளிர்ந்திருக்க வேண்டாமா? அந்த வருஷங்களிலேயே உஷ்ணம் சாதனை மேல் சாதனையாக ஏறியது. 1850 முதல் 1900 வரை இருந்த நிலையைக் காட்டிலும் 2011–2020 வருஷங்களில் 1.1 டிகிரி அதிகம். 2024-ம் வருஷத்தை மட்டும் எடுத்தால் ஒன்றரை டிகிரியும் தாண்டிவிட்டது.

இவற்றையெல்லாம்விட மறுக்க முடியாத அத்தாட்சி மேலே இருக்கிறது. சூரியன் அதிகமாகக் காய்ந்தால் வாயு மண்டலம் அடிமுதல் நுனிவரை சூடாகவேண்டும். கம்பளி கனத்துப்போனதால் சூடு ஏறினால், கம்பளிக்குள் சூடும் கம்பளிக்கு வெளியே குளிர்ச்சியும் காணவேண்டும். தரைக்கு மேல் பதினைந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் உயரத்திலுள்ள அடுக்கை அளந்து பார்த்ததில், கீழே உஷ்ணம் ஏற ஏற அங்கே குளிர்ச்சி அதிகமாகியிருக்கிறது. அக்குளிர்ச்சியில் ஒரு பங்கு ஓஸோன் குறைந்ததால் ஏற்பட்டது. அந்த அடுக்கின் மேல் பாகத்தில் பெரும் பங்கு கரியமிலவாயுவால் ஏற்பட்டது. திருடன் விட்டுச்சென்ற விரல் ரேகை போன்றது இது. 1645 முதல் 1715 வரை சூரியனில் புள்ளிகளே அநேகமாகக் காணப்படாத காலமொன்று இருந்ததையும், அப்பொழுது ஐரோப்பாவில் கடுங்குளிர் நிலவியதையும் சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அந்தக் குளிர் புள்ளிகள் மறைவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. எரிமலைகளின் புகைக்கும் அதில் பெரும் பங்குண்டு. அதே மாதிரி புள்ளிகள் நாளையே மறைந்துபோனாலும், மனிதன் ஏற்றிவிட்ட உஷ்ணத்தில் ஒரு சிறு பங்கையே அது குறைக்கும்.

இவ்வளவு விவரமாக எழுத வேண்டிய காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். இது சாஸ்திரிகளுக்குள் நடக்கும் தர்க்கம் மட்டுமானால் நமக்குக் கவலையில்லை. தாது வருஷத்தைப் போலவே இப்பொழுதும், குற்றம் சூரியனுடையதென்று தீர்ப்பானால் விடுதலை பெறுவது யாரென்று கவனிக்கவேண்டும். கரியமிலவாயு கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. இப்பொழுது 420-ஐத் தாண்டியிருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து இதுவரை உலகம் வெளியிட்ட கரியமிலவாயுவில் ஏறக்குறைய கால் பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. மனித குலத்தில் ஆறில் ஒருவர் இந்தியர் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படிக்கவேண்டும். 2022-ல் எகிப்து தேசத்தில் கூடிய மகாநாட்டில், நஷ்டமடைந்த ஏழை நாடுகளுக்கு ஈடுசெய்ய நிதியொன்று வேண்டுமென்று வெகு சிரமத்தின் பேரில் ஒப்புக்கொள்ளப்பட்டது. சூரியனே குற்றவாளியென்றால் அந்த நிதிக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. சூரியன் மேல் யார் வழக்குத் தொடுப்பது? நம் தேசத்துக்குள்ளும் இதே சௌகரியத்தைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் கட்டிட வேலை செய்து சுருண்டு விழுந்தவனும், உப்பளத்தில் நின்று மயங்கியவளும் விதியால் விழுந்தார்களென்று சொல்லிவிட்டால் வேலை நேரத்தை மாற்றவேண்டியதில்லை, நிழலும் தண்ணீரும் கொடுக்கவேண்டியதில்லை. தமிழ்நாடு அரசாங்கம் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததை அதனாலேயே வரவேற்கிறோம். அறிவிப்பு கோப்போடு நின்றுவிடாமல் உப்பளத்து வரப்பு வரையில் போய்ச் சேரவேண்டும்.

சூரியன் செய்யாத குற்றத்தை அவன்மேல் சுமத்துகிறவர்கள், அவன் உண்மையிலேயே செய்யக்கூடியதைக் கவனியாமலிருப்பதுதான் விந்தை. மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறும்போது, ஊதாக்கடந்த கிரணங்களில் கடுமையானவை இரண்டு பங்காகவும் அதற்கு மேலும் மாறுகின்றன. அவை தரைக்கு வருவதில்லை. ஒரு பகுதி ஓஸோனை உண்டாக்குவதிலும் அதனால் உட்கொள்ளப்படுவதிலும் தீர்ந்துவிடுகிறது. மிகக் கடுமையானவை நூறு கிலோமீட்டருக்கு மேலுள்ள மெல்லிய வாயுவில் பட்டு, அதை மின்னேற்றி, சூடாக்கி, உப்பச் செய்கின்றன. 1979-ம் வருஷம் ஜூலையில் ஸ்கைலாப் தலையில் விழப்போகிறதென்று நம் ஊர்களில் ஜனங்கள் நடுங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சூரியச் சுழற்சி எதிர்பார்த்ததைவிட வேகமாக உச்சத்தை நோக்கிச் சென்று, மேல் வாயு உப்பி, அந்தக் கலத்தை உராய்ந்து இழுத்ததே அது முன்கூட்டி விழுந்ததற்குக் காரணம். நல்லவேளையாக அது ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாகத்திலும் கடலிலும் விழுந்தது. 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கம்பெனியொன்று ஒரே தடவையில் ஏற்றிய 49 சிறு கோள்களில் 38, நடுத்தரமான ஒரு காந்தப் புயலாலேயே உப்பிய வாயுவில் சிக்கி எரிந்துபோயின.

பெரும் புயல் எப்படியிருக்கும்? 1859-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி, இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் சூரியப் புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருக்கையில் திடீரென்று வெண்மையான ஓர் ஒளி வெடித்து மறைவதைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் பூமியின் காந்த மண்டலம் கொந்தளித்தது. துருவப் பிரதேசங்களில் மட்டும் தெரியவேண்டிய சோதி கியூபாவிலும் தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் பாய்ந்து, அமெரிக்காவில் தந்தி ஊழியர்கள் பாட்டரியைக் கழற்றிவிட்டே செய்தி அனுப்பினார்கள். இப்புயலின் கடுமைக்கு மிகச் சிறந்த அத்தாட்சிகளில் ஒன்று பம்பாயில் கிடைத்தது. கொலாபா காந்த நிலையத்து ஏட்டில் பதிந்திருந்த பெரும் வீழ்ச்சியைக் கொண்டே 2003-ல் ஆராய்ச்சியாளர்கள் அப்புயலை அளவிட்டார்கள். 1989 மார்ச் 13-ந் தேதி, அதைவிடச் சிறிய புயலொன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சார வலையை 90 வினாடியில் வீழ்த்தியது. அறுபது லட்சம் ஜனங்கள் ஒன்பது மணி நேரம் இருளிலிருந்தார்கள். 2024 மே மாதம் 10, 11 தேதிகளில் இருபது வருஷத்தில் கண்டிராத புயல் வந்தபோது, லடாக்கில் ஹான்லே என்னுமிடத்தில் வானம் சிவந்ததை நமது வான ஆராய்ச்சியாளரே படமெடுத்தார்கள்.

இதெல்லாம் வடக்குத் தேசத்தார் கவலைப்பட வேண்டியது, பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள நமக்கென்ன என்று கேட்கலாம். கொலாபா ஏடு அதற்கு ஒரு பதில். காந்த பூமத்திய ரேகை நமது தென்கோடியையொட்டிச் செல்கிறதென்பது மற்றொரு பதில். 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டை ஏற்றுவதற்குத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும், திருநெல்வேலியில் பூகாந்த ஆராய்ச்சி நிலையம் வைத்திருப்பதும் அதற்காகவே. இந்த ரேகையின் மேல், நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான உயரத்தில், பகற்பொழுதில் பெரும் மின்னோட்டமொன்று கிழக்கு நோக்கி ஓடுகிறது. சூரியன் மறைந்தபின் மேலேயுள்ள மின்வாயுவில் குமிழிகள் போன்ற கலக்கம் எழுந்து, செயற்கைக் கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளைத் தடுமாற வைக்கிறது. இக்கலக்கம் உலகத்திலேயே அதிகமாயிருக்கும் பட்டையில் நமது நாடு இருக்கிறது. விமானமோட்டி மட்டுமல்லாமல், இரவில் கரை காணாத கடலில் கோளின் சமிக்ஞையைப் பார்த்து எல்லையறிந்து திரும்பும் ராமேசுவரத்து மீனவனும் இந்தக் கலக்கத்துக்கு உட்பட்டவனே.

கவனிப்பதற்கு நமக்குச் சாதனமில்லாமல் இல்லை. 2023 செப்டம்பர் 2-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6-ந் தேதி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், சூரியனை மறைவின்றி நோக்கும் ஸ்தானத்தை அடைந்தது. ஏழு கருவிகளைத் தாங்கிச் சென்ற அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டையில் பிறந்தவர். சூரியன் மேல் வெடிப்பு நிகழ்ந்தால் அதன் ஒளி எட்டு நிமிஷத்தில் வருகிறது. வீசியெறியப்பட்ட துகள் மேகமோ ஒன்று முதல் மூன்று நாளில் வருகிறது. அம்மேகம் அந்த ஸ்தானத்தைக் கடந்தபின் பூமியைத் தொட அரை மணி முதல் ஒரு மணி நேரமே உண்டு. உதகமண்டலத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் வைத்திருக்கும் கருவி, 2015 ஜூன் 22-ந் தேதி பூமியின் காந்தக் கவசம் இரண்டு மணி நேரம் பலவீனமடைந்ததைத் தரையிலிருந்தே பதிவு செய்தது.

ஆனால் எச்சரிக்கை கிடைப்பது வேறு, எச்சரிக்கையைக் கேட்டு நடப்பது வேறு. 2013 டிசம்பர் 31-ந் தேதி தென்னிந்திய மின்வலை மற்ற வலைகளோடு இணைக்கப்பட்டது முதல் தேசம் முழுவதும் ஒரே வலையாயிருக்கிறது. நீண்ட கம்பிகளிலேயே இத்தகைய மின்னோட்டம் அதிகமாக ஏறும். பெரிய மின்மாற்றியொன்று கெட்டால் அதற்கு மாற்று வருவதற்கு மாதக்கணக்காகும். கோடைக்கானலிலும் பெங்களூரிலும் புயலைக் காண்பவர், அந்த அரைமணி நேரத்துக்குள் யாருக்கு டெலிபோன் செய்யவேண்டும்? எந்தப் பொறியாளர், யார் உத்தரவின் பேரில், எந்தக் கம்பியின் சுமையைக் குறைப்பார்? இதற்கு ஒத்திகை எப்பொழுது நடந்தது? மீனவர் சங்கங்களுக்கு எச்சரிக்கை எந்த வழியாகப் போகும்? பார்லிமெண்டிலும் சட்டசபையிலும் இருக்கும் நம் பிரதிநிதிகள் இந்த நான்கு கேள்விகளையும் எழுத்து மூலமாகக் கேட்டு, வந்த பதிலை ஜனங்களுக்கு வெளியிடவேண்டுமென்று கோருகிறோம்.